நூற்றிருபது பேரின் சட்டை அளவு

ஏப்ரல் 8, 2025 – செவ்வாய்

நோன்புப் பெருநாள் தையல் ஒருவழியாக ஓய்ந்தது. இன்று கடையில் இரண்டே வேலை: ஒரு பள்ளிச் சீருடைக்கு ஜிப், ஒரு ஜன்னல் திரைக்கு மடிப்பு. லுக்குட் கடைவீதியே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் கொட்டாவிக்கு நடுவில்தான் கோயில் தலைவர் இராஜமாணிக்கம் அண்ணன் வந்தார். மே 25ஆம் தேதி தோட்டத்து மாரியம்மன் திருவிழா. தொண்டர்களுக்கான டி-சட்டைப் பொறுப்பை இந்த வருஷம் என்னிடம் கொடுப்பதாகக் கூட்டத்தில் முடிவாம். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. போன வருஷம் அதைச் செய்தவர் அவர்தான்.

போன வருஷக் கூத்தை எழுதி வைக்கிறேன். XS, S, M, L, XL, 2XL என்று ஆறு அளவு. ஒவ்வொன்றிலும் இருபது. மொத்தம் நூற்றிருபது. "எல்லா சைசுக்கும் சமமா குடுத்துட்டேன், யாரும் கொற சொல்ல முடியாது" என்றார். காலை எட்டு மணிக்கே M-உம் L-உம் தீர்ந்துவிட்டன. ஒல்லிப் பையன்கள் 2XL போட்டுக்கொண்டு கொடிக்கம்பம் மாதிரி திரிந்தார்கள். நடுத்தர உடம்புக்காரர்கள் S-க்குள் போன பிறகு கையைத் தூக்க முடியாமல் தவித்தார்கள். XS மட்டும் பதினேழு மிஞ்சியது.

ஆளை ஆளாக அளந்து தைக்கிறவள் நான். யார் வருவார்கள் என்றே தெரியாத கூட்டத்துக்கு எப்படி அளவு சொல்வது? பாதிப் பேர் கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் அன்றைக்குத்தான் வந்து இறங்குவார்கள்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

ஏப்ரல் 13 – ஞாயிறு

தோட்டத்துத் திடலில் பந்து விளையாட வந்தவர்களைப் பிடித்து முப்பது பேரின் மார்பளவு எடுத்தேன். எல்லோருக்கும் 35, 36, 37. வேலை இவ்வளவு சுலபமா?

ஏப்ரல் 14 – திங்கள்

புத்தாண்டு. பாயாசம் தீய்ந்தது. சந்திரன் குறை சொல்லாமல் இரண்டு கிண்ணம் குடித்தார். இவரைக் கட்டிக்கொண்டதில் தவறில்லை.

ஏப்ரல் 15 – செவ்வாய்

பக்கத்துத் துணிக்கடை ஜொஹராவிடம் என் முப்பது பேர் கணக்கைக் காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். பந்து விளையாடுகிற பையன்களை மட்டும் அளந்தால் ஊரே ஒல்லியாகத்தான் தெரியும் என்றாள். சமையல் கட்டில் நிற்பவர்கள் எங்கே? தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிற மாமாக்கள் எங்கே?

உண்மைதானே. மானம் போயிற்று. நல்லவேளை, ஜொஹராவிடம் மட்டும்.

அவள் வழி சொன்னாள். போன வருஷத் தொண்டர் பட்டியலை எடு, மூன்றில் ஒருவரை அள, உனக்குப் பிடித்தவர் பிடிக்காதவர் என்று பார்க்காதே. மலாக்காவில் வணிகம் படித்தவள். பெருநாளுக்கு இருநூறு ஆயத்த உடை இறக்கினால் ஐந்துகூட மிஞ்சாது அவள் கடையில். இத்தனை வருஷம் அதை நான் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 18 – வெள்ளி

கோயில் பூசைக்குப் பிறகு இருபத்திரண்டு பேர். மீதிப் பேரை வீட்டுக்கே போய் அளக்க வேண்டும்.

ஏப்ரல் 19 – சனி

புக்கிட் பெலண்டோக் ஊர் முழுக்கச் சுற்றி முடித்தேன். நாற்பது பேர் ஆயிற்று. வீட்டுக்கு வீடு மைலோ. வயிறு குடம்.

மாலையில் ஒரு காரியம் செய்தேன். வெட்டு மேசையின் ஓரமாகச் சாக்கட்டியால் 31, 32, 33 என்று ஓர் அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டே போனேன். டின்னில் கிடந்த மிச்சப் பொத்தான்களை எடுத்து, ஆளுக்கு ஒன்று, அவரவர் அளவுக்கு நேராக அடுக்கினேன். 38-இலும் 39-இலும் வரிசை நீண்டது. இரண்டு பக்கமும் போகப்போகக் குறைந்தது. 32-இல் ஒரு பொத்தான். 46-இல் ஒரு பொத்தான்.

முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், மேசைமேல் ஒரு சின்ன மலை படுத்திருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. அதுவாகவே வந்தது. சொல்லத் தெரியவில்லை, ஆனால் மனம் அப்படிக் குளிர்ந்துவிட்டது.

ஏப்ரல் 20 – ஞாயிறு

ஜொஹரா வீட்டுப் பெருநாள் விருந்து. பிரியாணியைத் தட்டில் போட்டுக்கொண்டு என் மலையைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு அது பழகிய முகம். நார்மல் பரவல் என்று பெயராம். மணி வடிவத்தில் இருக்குமாம்.

ஏன் மலையாகிறது என்று கேட்டேன். விருந்தாளிகளை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒருத்தர் உடம்புக்கு எத்தன காரணம் இருக்கு, பாரு. அப்பா கொடுத்தது, அம்மா கொடுத்தது, சின்ன வயசுல தின்னது, படுத்த காய்ச்ச, செய்யிற வேல. ஒவ்வொண்ணும் ஒரு துளி இந்தப் பக்கம் தள்ளும், இல்லாட்டி அந்தப் பக்கம் தள்ளும். முக்காவாசிப் பேருக்குத் தள்ளுனது எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சரியாப் போயி நடுவுல நின்னுருவாங்க. எல்லாமே ஒரே பக்கமாத் தள்ளுறது ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் லா."

அப்படியென்றால் நடுவில் நிற்பவர்கள்தான் நார்மலா என்று கேட்டேன். இல்லையாம். முழு மலைக்கும்தான் அந்தப் பெயர். ஓரத்தில் இருக்கிற பொத்தானும் அதில் சேர்த்தியாம். ஓரம் இல்லாவிட்டால் அது மலையே இல்லை என்றாள்.

பிறகு கைப்பேசியில் கணக்குப் போட்டாள். நாற்பது பேரின் சராசரி 39 அங்குலம். அதிலிருந்து ஒருவர் சுமாராக எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அவள் அதை மலாயில் என்னவோ சொன்னாள். நான் விலகல் என்று வைத்துக்கொள்கிறேன். அது 3 அங்குலம். மலை இந்த வடிவத்தில் இருந்தால், நடுவிலிருந்து ஒரு விலகல் தூரத்துக்குள், அதாவது 36 முதல் 42 வரை, மூன்றில் இரண்டு பங்கு ஆட்கள் இருப்பார்கள். இரண்டு விலகலுக்குள், 33 முதல் 45 வரை, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர்.

வீட்டுக்கு வந்ததும் எண்ணிப் பார்த்தேன். 36-க்கும் 42-க்கும் இடையில் இருபத்தேழு பொத்தான். நாற்பதில் இருபத்தேழு!

சந்திரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தன் பொத்தான் எது என்று கேட்டார். 40-இல் மூன்றாவது என்றேன். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 22 – செவ்வாய்

33-க்குக் கீழே XS, பிறகு மூன்று அங்குலத்துக்கு ஓர் அளவு, 45-க்கு மேல் 2XL என்று பிரித்தால், நூற்றிருபது பேருக்குக் கணக்கு இப்படி வருகிறது. XS மூன்று, S பதினாறு, M நாற்பத்தொன்று, L நாற்பத்தொன்று, XL பதினாறு, 2XL மூன்று. இடமும் வலமும் கண்ணாடி பார்த்த மாதிரி.

ஏப்ரல் 27 – ஞாயிறு

கூட்டம். பட்டியலை வாசித்தேன். இராஜமாணிக்கம் அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாப்பத்தொண்ணு ஒருத்தருக்கு, மூணு ஒருத்தருக்கா? இது என்னம்மா பாரபட்சம்?"

ஆளுக்கு ஒரு சட்டைதான் அண்ணே, அளவுக்கு இத்தனை என்று பங்கு பிரிப்பதில்லை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் கழித்துச் சிரித்தார். பட்டியல் நிறைவேறியது.

ஏப்ரல் 30 – புதன்

சிரம்பான் அச்சுக்கடையிலிருந்து பதில். ஓர் அளவுக்குப் பத்துச் சட்டைக்குக் குறைந்தால் செய்ய மாட்டார்களாம். XS மூன்று, 2XL மூன்று – முடியாது.

தலைவரிடம் சொன்னேன். அந்த ஆறு பேருக்காக ஏன் அல்லாட வேண்டும், சின்னவர்கள் S-ஐயும் பெரியவர்கள் XL-ஐயும் போட்டுக்கொள்ளட்டும் என்றார். நானும் சரி என்றேன். அந்த ஆறு சட்டையை S-இலும் XL-இலும் சேர்த்துப் போடச் சொல்லிவிட்டேன்.

மே 1 – வியாழன்

தொழிலாளர் தினம். தம்பி சுகுமாறன் கடைக்கு வந்தான். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறவனுக்கு வருஷத்தில் கிடைக்கிற சில விடுமுறைகளில் ஒன்று. ஆறடி மூன்று அங்குலம். கதவில் குனிந்துதான் வருவான்.

மேசைமேல் பொத்தான்கள் அப்படியே இருந்தன. சந்தோஷமாக விளக்கினேன். அவன் கவனமாகக் கேட்டான். எப்போதும் கவனமாகக் கேட்பான். கடைசியில் கேட்டான்:

"நான் எங்கக்கா இருக்கேன்?"

அவன் அளவு எனக்கு மனப்பாடம். ஐம்பது. ஒரு பொத்தானை எடுத்தேன். 46-இல் இருந்த கடைசிப் பொத்தானைத் தாண்டினேன். 47, 48, 49 – காலி. கத்தரிக்கோலை நகர்த்திவிட்டு அது கிடந்த இடத்தில் வைக்க வேண்டியிருந்தது.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான். "கணக்கு சரிதான்கா. எனக்கு அங்கதான் எடம்." திருவிழா அன்றைக்கு இந்த வருஷமும் லாரி வேலை இருக்கிறது, வர முடியாது என்றான். ஞாயிற்றுக்கிழமை ஆலை மூடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.

மே 2 – வெள்ளி

மனசே சரியில்ல. மூணு வருஷமா அவன் ஒதுங்கிப் போறதுக்குக் காரணம் சட்டைதானா? நான் தையக்காரி. எனக்கு இது தோணலையே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்குத் தனியாக ஒரு மஞ்சள் சட்டை தைத்துக் கொடுத்தேன். மஞ்சள் வேறு மாதிரி இருந்தது, முதுகில் அச்சு இல்லை. யாரோ அவனை, நீங்கள் எந்த ஊர் விருந்தாளி என்று கேட்டார்களாம். ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டான். போன வருஷம் வரவே இல்லை. நான் கோபித்துக்கொண்டேன், அக்கா தைத்தது பிடிக்கவில்லையா என்று. அவனுக்கு வேண்டியது நல்ல சட்டை இல்லை. எல்லோரும் போட்டிருக்கிற சட்டை.

ஜொஹராவிடம் ஐம்பதுக்குக் கணக்கு என்ன என்று கேட்டேன். நம் மலைப்படி பார்த்தால் எட்டாயிரம் பேரில் ஒருவர் என்றாள். எங்களிடம் நூற்றிருபது பேர்தான். கணக்குப்படி என் தம்பி எங்கள் கோயிலில் இருக்கவே வேண்டாம். ஆனால் நேற்று என் கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்தான்.

அவள் சொன்னாள், அரிது என்றால் இல்லை என்று அர்த்தமில்லையாம். அதோடு உடம்பு விஷயத்தில் பெரிய பக்கத்து ஓரம் இந்த வளைவு சொல்வதைவிடக் கொஞ்சம் நீளமாகவே போகுமாம். கடை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியுமாம்.

அந்த ஆறு பேரையும் யோசித்தேன். கணக்கு அவர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. ஓரத்தில் மூன்று, மறு ஓரத்தில் மூன்று என்று எண்ணியே சொன்னது. விடலாம் என்றது தலைவரும் நானும். முக்கியமாக நான்.

மே 3 – சனி

கடையைத் திறப்பதற்கு முன்பே பஞ்சாலை அக்கா மோட்டார் சைக்கிளில் வந்து நின்றுகொண்டிருந்தார். கோயில் சமையலுக்கு அவர்தான் தலைமை. நாலடி ஏழு அங்குலம், மார்பளவு 31. குரல் மட்டும் பக்கத்துத் தோட்டம் வரை கேட்கும்.

XS கிடையாது என்ற செய்தி அவருக்குப் போயிருந்தது.

"ஊரே தலைவரத் திட்டுன வருஷம், நான் மட்டும் கும்புட்டேன். ஆயுசுல மொத தடவையா தோளு தோள்ல நின்ன சட்ட அது. இப்ப நீ கணக்குப் போட்டு அத எடுத்துட்டியாமே, விமலா?"

நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். XS உண்டு என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாமல்தான் சொன்னேன். அவர் போன பிறகுதான் யோசனை வந்தது. அச்சுக்கடைக்கு முடியாதது தைப்பதா, அச்சடிப்பதா?

மே 5 – திங்கள்

தைப்பதுதான். அச்சுக்கடை முதலாளியிடம் பேசிவிட்டேன். நூற்றுப்பதினான்கு சட்டை அவர்கள் வழக்கம்போலச் செய்வார்கள். S, XL இரண்டும் பழையபடி பதினாறாகவே இருக்கட்டும். அவர்கள் வைத்திருக்கிற அதே மஞ்சள் துணியில் எனக்கு ஒரு சுருள். நான் முன்பக்கமும் பின்பக்கமும் வெட்டி அனுப்பினால், மற்ற சட்டைகளோடு ஒரே நாளில், ஒரே மையில் அச்சடித்துத் தருவார்கள். தைக்க வேண்டியது நான். கழுத்தில் வைக்கிற அளவுச் சீட்டும், போட்டுத் தருகிற பிளாஸ்டிக் பையும்கூடக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவருக்கு நான் ஏன் பிளாஸ்டிக் பைக்கு இவ்வளவு மன்றாடுகிறேன் என்று புரியவில்லை.

XS மூன்று. 2XL மூன்று. அதோடு இன்னும் ஒன்று.

மே 8 – வியாழன்

ஏழு சட்டையும் வெட்டியாயிற்று. சுகுமாறனின் ஒரு முதுகுத் துண்டில் பஞ்சாலை அக்காவுக்கு இரண்டு சட்டை வரும்.

மே 17 – சனி

அச்சு வந்துவிட்டது. ஓவர்லாக்கில் தைத்தேன். நூல் மூன்று முறை அறுந்தது, எனக்குக் கோபமே வரவில்லை. கடைச் சட்டையும் என் சட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜொஹராவைக் கூப்பிட்டு எது யார் தைத்தது என்று கேட்டேன். புரட்டிப் புரட்டிப் பார்த்துத் தப்பாகச் சொன்னாள். இத்தனை வருஷத் தையலில் இதுதான் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு.

மே 20 – செவ்வாய்

தம்பியிடம் சொல்லட்டுமா? சொன்னால் அது அக்கா கொடுத்த சட்டையாகிவிடும். சொல்லவில்லை. அடுக்கில் கடைசியில் வைத்தேன்.

மே 24 – சனி

இதை முழுதாக எழுத வேண்டும்.

காலையில் கோயிலில் சட்டை விநியோகம். பஞ்சாலை அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டார். யார் பெயரும் கேட்கவில்லை, அளவு மட்டும்தான். L, M, M, S என்று வரிசை நகர்ந்தது. நான் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிக்குச் சுகுமாறன் லாரியில் வாழை மரமும் விறகும் கொண்டு வந்தான். அதை மறுக்க மாட்டான், வருஷா வருஷம் இறக்கிவிட்டுப் போய்விடுவான். விறகை இறக்கிவிட்டு மேசையைத் தாண்டிப் போனபோது பஞ்சாலை அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, சைசு என்ன?"

"எனக்கு இருக்காதுக்கா."

"சைசத்தான் கேட்டேன். இருக்கா இல்லையான்னு கேக்கல."

வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவன் காது சிவந்துவிட்டது. மெதுவாக, நாலு XL என்றான். அக்கா குனிந்து அடுக்கைத் தேடினார். நான் எழுதுவது மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். அதே பிளாஸ்டிக் பை, அதே சீட்டு. "இந்தா. அடுத்தது யாரு?" என்றார் அக்கா, அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல். அவருக்கு நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுக்கில் பார்த்திருப்பார், அவ்வளவுதான்.

அவன் பையைப் பிரித்தான். கழுத்துச் சீட்டைப் பார்த்தான். முதுகைத் திருப்பி அச்சைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. கழிப்பறைப் பக்கம் போனான், வரும்போது போட்டிருந்தான். சரியாக இருந்தது. தோள் தோளில் நின்றது.

லாரியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன், நாளைக்குத் தேருக்கு எத்தனை மணி என்று தலைவரிடம் கேட்டான்.

நான் மடப்பள்ளிக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மே 25 – ஞாயிறு

தேர்ச் சக்கரம் செம்மண் பாதையில் புதைந்துவிட்டது. தூக்கிவிட்டார்கள். எல்லாம் மஞ்சள். என் தம்பியைத் தேட வேண்டியிருந்தது.

மே 27 – செவ்வாய்

உடம்பு வலி. ஆனாலும் கணக்கை முடித்துவிடுகிறேன். வந்தவர்கள் நூற்றுப்பதினேழு பேர். S ஒன்று, M மூன்று, XL ஒன்று மிச்சம். L இரண்டு போதவில்லை. அந்த இருவரும் XL போட்டுக்கொண்டார்கள். 2XL மூன்றும் போயிற்று. XS-உம் மூன்றுமே போயிற்று. யாரும் அக்குள் கிழிய நடமாடவில்லை.

இராஜமாணிக்கம் அண்ணன் கிள்ளான் விருந்தாளிகளிடம், நாங்கள் எதையும் கணக்குப் போட்டுத்தான் செய்வோம் என்று சொல்லிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன். சொல்லட்டும்.

ஒரே ஒருவருக்குச் சட்டை இல்லை. கிள்ளான் துறைமுகத்தில் வேலை செய்கிற சத்தியசீலன். மார்பு 49. சொந்தச் சட்டையிலேயே நாள் முழுக்க வடம் பிடித்தார். ஜொஹராவிடம் சொன்னேன். நூற்றுப்பதினேழு பேரில் இரண்டு பேரா என்று அவளே வாயைப் பிளந்தாள். வளைவின் ஓரத்தை யாரும் ரொம்ப நம்பிவிடக் கூடாது என்று அவள் படித்த பாடத்திலேயே இருந்ததாம்; பரீட்சைக்கு மட்டும் படித்தேன் என்று ஒப்புக்கொண்டாள்.

ஜூன் 14 – சனி

மழை விட்டு விட்டுப் பெய்தது. கடையில் வானொலிப் பாட்டு மட்டும் துணை.

நான்கு மணிக்குச் சுகுமாறன் வந்தான். பின்னாலேயே சத்தியசீலன். திருவிழா அன்று வடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றதில் பழக்கமாம், தினமும் பேசிக்கொள்கிறார்களாம். சத்தியசீலனுக்கு மகள் பட்டமளிப்புக்குப் போக ஒரு முழுக்கைச் சட்டை வேண்டும். "எங்க அக்கா தைச்சுக் குடுக்கும்" என்று இவன் கிள்ளானிலிருந்து வரவழைத்திருக்கிறான்.

நான் நாடாவை எடுப்பதற்குள் சுகுமாறன் எடுத்துவிட்டான். அவனே அளந்து, தோள் இத்தனை, மார்பு இத்தனை என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். அவர் பேருந்து இருக்கையில் பட்ட பாட்டைச் சொன்னார். இவன் விமானக் கழிப்பறைக் கதையைச் சொன்னான். அதை என்னிடம் இதுவரை சொன்னதே இல்லை. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஜொஹரா என்னவோ ஏதோ என்று தன் கடையை விட்டு ஓடி வந்தாள்.

தேநீர் வாங்கி வந்தேன். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். கடைக்குள் எனக்கு நிற்க இடமில்லை. வெளியே அஞ்சடி நடைபாதையில் நின்று, மழையைப் பார்த்துக்கொண்டே என் தேநீரைக் குடித்தேன்.